தோட்டத்து மாட்டுக் கொட்டகை

இரப்பர் மரத்துக்கு மலேசியத் தமிழர்கள் வைத்த பெயர் பால்மரம். பட்டையைச் சீவியதும் வெள்ளையாக வடியும் நீரை அவர்கள் பால் என்றே சொன்னார்கள். அந்தப் பாலுக்கு ஒரு நேரம் உண்டு. இரவில் இலைகளின் வழியே நீர் அதிகமாக வெளியேறாததால், விடியற்காலையில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் குறைந்துவிடும். ஆகவே, பொழுது புலரும்போதே மரத்தைச் சீவியாக வேண்டும். தோட்டத்தில் இன்னொரு பாலும் இருந்தது. அதையும் விடியற்காலையிலேயே கறந்தாக வேண்டும். அது லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த பசுவின் பால்.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை. அப்பாவும் அம்மாவும் விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டியவர்கள். கைக்குழந்தை இருந்தால் அதை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் அம்மா வேலைக்காட்டுக்குப் போவார். அப்படியானால் மாட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்? பல வீடுகளில் தாத்தாவும் பாட்டியும், அவர்களோடு பள்ளி செல்லும் பிள்ளைகளும்தான். பத்து வயதுப் பிள்ளை ஒன்று பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே ஒரு வேலைநாளின் பாதியை முடித்துவிட்டிருக்கும்.

மாடு வளர்ப்பது தோட்டத்துக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட தொழில் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் மிகப் பலர் தமிழகத்தின் உழவுக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். மாட்டின் மூச்சை வைத்தே அதன் நோயைக் கண்டுபிடிக்கும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. ஆனால், பழக்கத்துக்காக மட்டும் அவர்கள் மாடு வளர்க்கவில்லை. பால்மரம் வெட்டுவோருக்கு அன்றாடம் செய்த வேலைக்குத்தான் கூலி. மழை பெய்து மரம் நனைந்துவிட்டால், வெட்டிய கோட்டில் பால் நில்லாமல் பட்டை முழுவதும் பரவி வீணாகும். எனவே, அன்று வேலை இல்லை, கூலியும் இல்லை. ஆண்டின் தொடக்கத்தில் இரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலத்திலும் பால் குறைந்துவிடும். வானத்தையும் மரத்தையும் நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு மழையிலும் பால் தருகிற பசு ஒரு பெரிய துணை.

இந்தியாவிலிருந்து வெவ்வேறு காலங்களில் கொண்டுவரப்பட்ட பல இனங்கள் கலந்து உருவானவை இந்த மாடுகள். கால்நடைத் துறையினர் இவற்றை உள்நாட்டு இந்தியக் கறவை மாடு என்று வகைப்படுத்துகின்றனர். குளிர்நாட்டு மாடுகளைப்போல் இவை குடம் குடமாகப் பால் கறப்பதில்லை. நாளொன்றுக்குச் சில லிட்டர்தான். ஆனால், இவை வெப்பத்தைத் தாங்கும். உண்ணிக்கும் கொசுக்கடிக்கும் எளிதில் சாயாது. சாலையோரப் புல்லைத் தின்றே உயிர் வாழும். கையில் காசில்லாத குடும்பத்துக்கு ஏற்ற மாடு இதுதான்.

கொட்டகை பெரும்பாலும் கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டியதாக இருக்கும். காட்டுக் கம்புகளே தூண்கள். அத்தாப்பு ஓலையோ பழைய தகரமோ கூரை. தரை சற்றுச் சரிவாக இருந்தால்தான் மூத்திரம் வடிந்து ஓடும். இல்லையென்றால் மாட்டின் குளம்பு ஊறிப் புண்ணாகிவிடும். காலையில் பாட்டி சாணத்தை வாரிக் குழியில் கொட்டுவார். அது மக்கியதும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கத்தரிக்கும் வெண்டைக்கும் எருவாகும். ஒரு பிள்ளை வாளியில் தண்ணீர் கொண்டுவரும். இன்னொரு பிள்ளை கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த மூன்றாவது வேலை பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். உண்மையில், பால் கிடைப்பதும் கிடைக்காததும் இதைப் பொறுத்ததுதான்.

பசுவின் மடி, திருகியவுடன் கொட்டுகிற குழாய் அன்று. மடிக்குள் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்பைகளில் பால் தங்கியிருக்கும். கன்று வந்து மடியை முட்டிச் சப்பும்போது அந்தத் தொடுவுணர்வு நரம்புகளின் வழியே மூளையை எட்டுகிறது. மூளையின் அடியில் உள்ள சுரப்பி உடனே ஆக்சிடோசின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் அதை மடிக்குக் கொண்டுசேர்த்ததும் நுண்பைகள் சுருங்கிப் பாலைக் காம்புக்குத் தள்ளுகின்றன. இதைத்தான் 'மாடு சுரப்பு விட்டுவிட்டது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால், அந்த ஹார்மோனின் ஆற்றல் சில நிமிடங்களே நீடிக்கும். கன்றைச் சரியான நேரத்தில் காம்பிலிருந்து பிரித்துத் தாயின் முகத்துக்கு அருகே கட்டிவிட்டு, தாத்தா விரைந்து கறந்தாக வேண்டும். பிள்ளை கன்றை விட்டுவிட்டால் பால் முழுவதும் கன்றுக்கே போகும். மிக விரைவில் இழுத்துவிட்டால் மாடு சுரப்பு விடாது.

மாடு மிரண்டாலும் பால் வராது. அச்சம் வந்தால் உடலில் சுரக்கும் அட்ரினலின், ஆக்சிடோசின் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுத்துவிடும். அதனால்தான் கறக்கும்போது கொட்டகையில் யாரும் உரக்கப் பேசக் கூடாது என்ற விதி இருந்தது. புதியவர் யாரும் அருகில் வரக் கூடாது. தினமும் கறப்பவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் வீடே கவலைப்படும். ஏனென்றால், வேறு கை பட்டால் சில மாடுகள் உதைத்துவிடும். சிலர் கறக்கும்போது மெல்லப் பாடுவார்கள். சிலர் பேசிக்கொண்டே இருப்பார்கள். 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற' என்னும் பழமொழியை நாம் இன்று மனிதர்களைப் பற்றிப் பேசத்தான் பயன்படுத்துகிறோம். கொட்டகையில் அது மாட்டைப் பற்றிய செய்தியாகவே இருந்தது.

பிள்ளைகளுக்கு இதில் ஒரு வருத்தமும் இருந்தது. நாள் முழுவதும் தங்களோடு விளையாடும் கன்றின் வாயிலிருந்து பாலைப் பறிப்பதுபோல் அவர்களுக்குத் தோன்றும். அதற்காகவே பல வீடுகளில் நான்கு காம்புகளில் ஒன்றைக் கன்றுக்கென்று விட்டுவிடுவார்கள். கன்று ஈன்ற முதல் நாளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அன்று மடியில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் முதலில் கன்றுக்குத்தான். மாட்டின் வயிற்றில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. அவை சீம்பாலின் வழியாகவே வந்தாக வேண்டும். கன்றின் குடல் அவற்றை ஈர்த்துக்கொள்வதும் பிறந்த முதல் ஒரு நாளுக்குள்தான். அதிலும் முதல் சில மணி நேரம் மிக முக்கியமானது. பாட்டிக்கு இந்த அறிவியல் தெரியாது. ஆனால், ஈரம் உலராத கன்றைத் தூக்கி நிறுத்தி, வாயைக் காம்பில் வைத்த பிறகுதான் அவர் கை கழுவுவார். கன்று குடித்து மிஞ்சிய சீம்பாலில் சீனியும் ஏலக்காயும் சேர்த்து அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

கறந்த பால் வீட்டில் தங்குவதில்லை. போத்தல்களில் ஊற்றி, மிதிவண்டியில் கட்டி, ஓர் அண்ணனோ அக்காளோ கிராணி வீட்டுக்கும் தேநீர்க் கடைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். சொந்த வீட்டுப் பிள்ளைகள் பல நாள் டின் பாலில் கலந்த தேநீர்தான் குடித்தார்கள். மாடு வளர்த்த வீட்டில் டின் பாலா என்று வியக்கத் தோன்றலாம். பசும்பாலை விற்றால் கிடைக்கும் காசு, டின் பாலின் விலையைவிடக் கூடுதல். கணக்கு அவ்வளவுதான்.

பள்ளி முடிந்து வந்தால் அடுத்த வேலை தீவனம். பிள்ளைகள் ஒரு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு லயத்தின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அரிசி கழுவிய நீரையும் வடித்த கஞ்சியையும் வாங்கி வருவார்கள். அதில் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து மாட்டுக்கு வைப்பார்கள். பிறகு சாக்கையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு புல் அறுக்கப் போவார்கள். ஆற்றோரத்திலும் சாலையோரத்திலும் புல் தழைத்திருக்கும். அறுப்பதற்கு முன் ஒரு கம்பால் புதரைத் தட்ட வேண்டும். பாம்பு இருந்தால் விலகிப் போய்விடும். இந்த ஒரு பழக்கத்தை மறந்த பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் அடியை யாரும் தடுக்கமாட்டார்கள்.

மாட்டை மேய்ப்பது இதைவிடக் கடினம். இரப்பர்க் கன்றுகளை நட்ட இடங்களில் மண் அரிக்காமல் இருக்க அவரை இனத்து மூடுபயிர்களை வளர்ப்பார்கள். மாட்டுக்கு அந்தக் கொடி என்றால் உயிர். மேய்க்கும் பிள்ளை கோலிக்குண்டு விளையாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மாடு அதற்குள் புகுந்துவிடும். பிறகு கங்காணி வருவார். பேச்சு அப்பாவின் வேலைவரைக்கும் போகும். தோட்ட நிலம் நிர்வாகத்துக்குச் சொந்தம். மாடு மேய்வதும் கொட்டகை நிற்பதும் நிர்வாகம் கண்டும் காணாமலும் இருக்கும்வரைதான். இந்த உண்மையைப் பிள்ளைகள் மாட்டின் வழியாகத்தான் முதன்முதலில் அறிந்துகொண்டார்கள்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கோழிகள். மாலையில் எண்ணிக் கூண்டில் அடைப்பதும், எந்தக் கோழி எங்கே ஒளிந்து முட்டையிடுகிறது என்று துப்பறிவதும் அவர்களின் பொறுப்பு. கோழி முட்டை பொரிக்க 21 நாள்; வாத்து முட்டைக்கு ஏறக்குறைய 28 நாள். வாத்து அடைகாப்பதில் அவ்வளவு கெட்டி இல்லை என்பதால், வாத்து முட்டையைக் கோழிக்கு அடியில் வைப்பார்கள். பொரித்த குஞ்சுகள் கோழியைத் தாயென்று நம்பிப் பின்னாலேயே நடக்கும். வழியில் ஒரு கால்வாய் வந்தால் நேரே தண்ணீரில் இறங்கிவிடும். கரையில் நிற்கும் கோழி, தன் குஞ்சுகள் மூழ்கிவிட்டன என்று எண்ணிச் சிறகடித்துக் கத்தும். தோட்டத்தில் வளர்ந்த எவரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

அந்தி சாய்ந்ததும் கொட்டகையில் மூட்டம் போடுவார்கள். காய்ந்த தேங்காய் மட்டையைக் கொளுத்தி, அதன்மேல் பச்சைத் தழையைப் போட்டால் தீ எரியாமல் புகை மட்டும் கிளம்பும். கொசுவும் ஈயும் அண்டாது. மாடுகள் புகைக்குப் பக்கத்தில் படுத்து அசைபோடத் தொடங்கும். வேகவேகமாக விழுங்கிய புல்லை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கும் வேலை அது. மாடு அசைபோடவில்லை என்றால் அதற்கு உடம்பு சரியில்லை என்று பொருள். ஆகவே, படுக்கப்போகும் முன் கைவிளக்கோடு போய் மாட்டின் தாடை அசைகிறதா என்று பார்த்துவிட்டு வருவது வழக்கம்.

ஒரு பசு எப்போதும் பால் தருவதில்லை. சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் கறப்பதை நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் மடிக்கு ஓய்வு கிடைக்கும். அந்த இரண்டு மாதமும் பால்காசு வராது. தீவனச் செலவு மட்டும் இருக்கும். அதனால், முடிந்தவர்கள் இரண்டு மாடுகள் வைத்து, ஒன்று வற்றும்போது மற்றொன்று கறக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். நாட்காட்டியில் மாடு சினைப்பட்ட நாளை வட்டமிட்டு எண்ணிக்கொண்டு வருவது, எழுத்து அறிந்த பிள்ளையின் வேலை.

பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. தோட்டத்தில் அந்தப் பொருள் மாறவே இல்லை. மகளின் திருமணம், ஒருவரின் மருத்துவம், பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பேருந்துக் கட்டணம், சீருடை என எது வந்தாலும் கைவைக்கக்கூடிய சேமிப்பு மாடுதான். பால் தராத காளைக்கன்று ஓரளவு வளர்ந்ததும் போய்விடும். கறவை மாடும் ஒருநாள் போகலாம். வியாபாரி வரும் நாளில் பெரியவர்கள் பிள்ளைகளை வேறெங்காவது அனுப்பிவிடுவார்கள். பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை வெறும் முளைக்குச்சியைப் பார்த்து அழும். செவலை என்றும் இலட்சுமி என்றும் பெயர் வைத்து அழைத்த ஓர் உயிர் அது. அதை விற்ற பணத்தில்தான் தனக்குப் புத்தகம் வாங்கினார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியவரும்போது அந்த அழுகை வேறு விதமாகிவிடும்.

இந்த வாழ்க்கையை அழகான நினைவாக மட்டும் பார்ப்பது சரியன்று. விடிவதற்கு முன் எழுந்த பிள்ளைகள் வகுப்பில் தூங்கி விழுந்தார்கள். மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று படிப்பை நிறுத்தியவர்களும் உண்டு. அவர்களில் பெண்பிள்ளைகள் பலர். விலங்குகளோடு நெருங்கி வாழ்வதில் நோயின் ஆபத்தும் இருந்தது. காய்ச்சாத பாலின் வழியே காசநோய், புருசெல்லா போன்ற நோய்கள் மனிதருக்குப் பரவக்கூடும். பால் பொங்கி வரும்வரை காய்ச்ச வேண்டும் என்று பாட்டிமார் பிடிவாதமாக இருந்தது பல உயிர்களைக் காத்திருக்கும். ஈன்ற மாட்டின் பின்பக்கம் போகாதே, கொட்டகையிலிருந்து வந்தால் கைகால் கழுவு, வெறுங்காலோடு சாணத்தை மிதிக்காதே என்ற கட்டளைகள் நாள் முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கும். கடைசிக் கட்டளையை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை.

ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் மாட்டுக்கு வேலை இல்லை. மாட்டுப் பொங்கலன்று பிள்ளைகள் மாடுகளை ஆற்றுக்கு ஓட்டிச்சென்று தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை கட்டி, பொங்கலை வாழையிலையில் வைத்து ஊட்டுவார்கள். இலையும் சேர்ந்தே மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும்.

நாடு 1957இல் விடுதலை பெற்ற காலத்தையொட்டி ஆங்கிலேய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் விற்றார்கள். வேலையோடு வீடும் போனது. வீட்டோடு மேய்ச்சல் நிலமும் போனது. தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வேண்டும் என்ற நோக்கத்தோடு துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது, எல்லாரையும் அன்று. பின்னர் இரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. செம்பனைக் கன்றின் இளம் ஓலையை மாடு தின்றுவிடும் என்பதால், மரம் உயரமாக வளரும்வரை மாட்டை உள்ளே விட முடியாது. வளர்ந்த தோப்பிலும் புல்கொல்லி தெளித்த இடத்தைத் தெரிந்து விலக்க வேண்டும். இன்னொரு பக்கம், 1970களில் அரசாங்கம் பால் சேகரிப்பு நிலையங்களை அமைத்தது. பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதன் தரத்தைச் சோதித்து விலை தருவார்கள். தண்ணீர் கலந்த பாலைப் பால்மானி காட்டிக்கொடுத்துவிடும் என்பதில் சிலருக்கு வருத்தம்.

நகரங்கள் பெருகியபோது தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. இன்று புத்ராஜெயா நிற்கும் இடத்தில் பெராங் பெசார் என்னும் தோட்டம் இருந்தது. 1990களில் நகரம் எழுந்தபோது, அங்கும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் டிங்கிலில் இருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அடுக்குமாடியில் தண்ணீர் வந்தது, மின்சாரம் வந்தது. மாட்டைக் கட்ட இடம் மட்டும் இல்லை. நாடு முழுவதும் இப்படிக் குடிபெயர்ந்த குடும்பங்களில் மாடு வைத்திருந்தவர்களுக்கு இரண்டே வழிகள் இருந்தன: விற்றுவிடுவது, அல்லது ஊருக்கு வெளியே யாருடைய நிலத்திலாவது கொட்டகை போட்டுத் தினமும் போய்வருவது.

இரண்டாவது வழியைத் தேர்ந்தவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். நெடுஞ்சாலைக்கும் செம்பனைத் தோப்புக்கும் இடைப்பட்ட நிலங்களில் அவர்களின் கொட்டகைகளைக் காணலாம். மாடு சாலையில் திரிந்தால் நகராண்மைக் கழகம் பிடித்துக்கொண்டு போய்விடும். அபராதம் கட்டி மீட்க வேண்டும். நிலத்துக்கு உரிமையாளர் வந்தால் மறுபடியும் இடம் மாற்ற வேண்டும். நாட்டில் பயன்படும் பால்மாவின் பெரும்பகுதி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. கடையில் பெட்டிப்பால் எப்போதும் கிடைக்கிறது. ஆனாலும் பிறந்த குழந்தையைத் தொட்டிலில் இடும் வீட்டாரும், புதுமனைக்குப் பால் காய்ச்சுவோரும் இந்தக் கொட்டகைகளைத் தேடி வருகிறார்கள். தைப்பூசத்துக்கு முன்தினமோ கேட்க வேண்டியதே இல்லை. பால்குடம் எடுப்போர் பாத்திரங்களோடு இருட்டிலேயே வந்து வரிசையில் நிற்பார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தவர்களுக்குத்தான் பால். மாடுகள் அன்றைக்கும் வழக்கமான அளவுதான் கறக்கும்.